இரண்டாவது குழாய்

நாமகிரிப்பேட்டை,
21.7.2025

பிரியா கண்ணு,

இந்தக் கவரை உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். எருமப்பட்டி வீட்டுக்கு அனுப்பினால் முதலில் அத்தை கைக்குத்தான் போகும். உன் போனும் அவர்களிடம்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். நான் அனுப்பிய நான்கு மெசேஜும் படிக்கப்பட்டன, பதில் இல்லை. ஐந்தாவதற்கு, ‘இனிமே இந்த நம்பருக்கு அனுப்பாதே’ என்று வந்தது. நீ கோபத்தில் இருந்தாலும் ‘அனுப்பாதீங்க’ என்றுதான் எழுதுவாய். உன் அண்ணனோ நான் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. அதனால் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நான் அந்த வீட்டை விட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. யாரையும் கேட்காமல் பிள்ளையைப் பெங்களூருக்குத் தூக்கிப்போய் ரத்தப் பரிசோதனை செய்தேன் என்பதுதானே என் மேல் உள்ள குற்றம்? பிள்ளைக்கு ஏன் காது கேட்கவில்லை என்று முடிவு வந்துவிட்டது. தமிழினியின் உள்காது வரைக்கும் சத்தம் ஒழுங்காகப் போகிறது. அங்கிருந்து நரம்புக்குக் கைமாற்றிவிட ஒரு புரதம் வேண்டுமாம். அதை உண்டாக்குகிற ஜீன் அவளிடம் பழுது. பிறந்த மூன்றாம் நாள் காதில் மெஷின் வைத்துப் பார்த்து ‘பாஸ்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள் இல்லையா, அந்த மெஷின் உள்காது வேலை செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நரம்புக்குப் போகிறதா என்று அதற்குத் தெரியாது.

அந்த அட்டையைத்தான் அத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டி, “பொறக்கையில புள்ள நல்லாத்தானுங்க இருந்துச்சு. எட்டாம் மாசம் இவ அப்பன் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, காய்ச்சலோட மூணு நாளு வெச்சிருந்து காத அடைச்சுப்போட்டா” என்று சொல்வார்கள். மூன்று வருசமாக நானும் அதை நம்பினேன் பிரியா. அந்த மூன்று நாளைத் திரும்பத் திரும்ப நினைத்து அழுதிருக்கிறேன். காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழுதான ஜீன் ஒன்று என்னிடமிருந்தும் ஒன்று உன் அண்ணனிடமிருந்தும் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் இப்படி. என் அப்பாவும் உன் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மருந்து வந்திருக்கிறது. ஆராய்ச்சி நிலைதான், பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஒரே ஒரு தடவை காதுக்குள் செலுத்துவார்கள். சேலத்தில் காக்ளியர் கருவி வைக்கச் சொல்கிறார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் கருவி வைத்த காதில் இந்த மருந்தைப் போட மாட்டார்கள். பெங்களூரில் தமிழினிக்காக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவள் அப்பாவின் எச்சிலும் கையெழுத்தும் ஆகஸ்ட் இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும்.

உள்ளே ஒரு படிவமும் இரண்டு குழாயும் இருக்கின்றன. ஒன்று சிந்திப்போனால் இன்னொன்று. துப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது. உன் அண்ணனைத் துப்ப வைத்து, கையெழுத்தும் வாங்கிவிடு. நீ சொன்னால் கேட்பார்.

மைதிலி


எருமப்பட்டி,
30.7.2025

நங்கையாவுக்கு,

அண்ணன் மனைவி என்ற முறையில் நீங்கள் எனக்கு நங்கையா. தை பதினைந்தாம் தேதி உங்கள் தம்பி யோகேஷைக் கட்டிக்கொண்டால் புருசனின் அக்கா என்ற முறையிலும் நங்கையா. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை. இதைச் சிரித்துக்கொண்டு எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை.

நிச்சயம் ஆனதிலிருந்து போன் அம்மாவிடம். காலையில் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறாள், சாயங்காலம் வேன் நிற்கும் இடத்தில் வந்து நிற்கிறாள். நான் பாடம் நடத்துகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட என்னைவிடச் சுதந்திரம் உண்டு. உங்கள் குழாய் இரண்டும் அவர்களுடைய விடைத்தாள் கட்டுக்கு அடியில் பள்ளிக்கூட பீரோவில் கிடக்கின்றன.

அண்ணனிடம் கேட்டேன். முட்டை லாரி வந்திருந்தது. லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என்ற ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. அவ பேரு சுத்தமாகோணும்னு எம்பட தலையில எழுதப் பாக்கறா. தைக்கு உனக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. இந்த நேரத்துல நம்மூட்டு ரத்தத்துல கோளாறுன்னு ஒரு காயிதம் வந்தா உன்னய எவன் கட்டுவான்?”

அவர் சொன்னதில் தப்பு என்ன? நீங்கள் சொல்லுங்கள். அந்தக் காகிதம் வந்தால் அடுத்த கேள்வி, தங்கச்சிக்கும் இருக்குமா என்பதுதானே? மாப்பிள்ளை உங்கள் தம்பி. நாலு பேர் கூடிப் பேசிக் கல்யாணத்தை நிறுத்துவார்கள். அப்புறம் என்னை வெளியிலும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் இந்த வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியது தமிழினிக்குக் காதா, எங்கம்மாவுக்கு வாய்ப்பூட்டா?

பிரியா


நாமகிரிப்பேட்டை,
6.8.2025

பிரியா,

நீ கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் உண்மையை ஒப்புக்கொண்டேன். இரண்டும்தான் வேண்டும். அந்தக் காகிதம் வந்ததும் முதலில் எனக்கு வந்த நினைப்பு பிள்ளைக்கு வைத்தியம் உண்டு என்பதல்ல, ‘நான் செய்யவில்லை’ என்பதுதான். அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் மூன்று வருசம் அந்தப் பழியைச் சுமந்தவள் நான், நீ இல்லை.

இங்கும் எனக்கு வாசல் திறந்து கிடக்கவில்லை. “தம்பி பொண்டாட்டி ஊட்டுக்கு வந்துட்டா நீ எந்த ரூமுல இருப்பே சாமி?” என்று அப்பா நேற்று மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

பக்கத்து மண்டியில் மஞ்சளுக்கு மெருகு போடும் டிரம் சுற்றுகிறது. அது ஓடத் தொடங்கினால் நம் வீட்டுச் சுவர் அதிரும். தமிழினி எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் தரையில் அதிர்வு தெரிந்தவுடன் ஓடிப்போய் இரண்டு கையையும் சுவரில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நிறுத்துகிற வரைக்கும் நகர மாட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே சத்தம் அதுதான். அவளுக்கு நாலே முக்கால் வயதாகிறது. பேச்சு மூளையில் ஏறுகிற வயது ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார் டாக்டர்.

மருந்து என்னவென்று கேட்டால் இப்படிச் சொல்கிறார்கள். ஒரு வைரசை எடுத்து, நோய் உண்டாக்குவதையெல்லாம் கழித்துவிட்டு, நல்ல ஜீனை அதில் ஏற்றி அனுப்புகிறார்கள். இந்த ஜீன் பெரியது, ஒரு வைரசுக்குள் அடங்காது. அதனால் பாதியை ஒன்றிலும் மீதியை இன்னொன்றிலும் ஏற்றுகிறார்கள், உள்ளே போய் இரண்டும் சேர வேண்டும். யோகேஷிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வான். போர் போட ரிக் வண்டி மட்டும் போனால் ஆகாது, கம்ப்ரசர் வண்டியும் கூடவே போக வேண்டும். அவனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ரிக்கோடு சத்தீஸ்கரில் இருக்கிறான்.

உன்னால் முடியாவிட்டால் குழாயைத் திருப்பி அனுப்பிவிடு. உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொன்னாலும் மனசுக்குள்தான் சொல்வேன்.

மைதிலி


எருமப்பட்டி,
13.8.2025

நங்கையா,

எச்சிலும் கையெழுத்தும் நேற்றுக் கூரியரில் பெங்களூருக்குப் போய்விட்டன. ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணன் அதிகம் பேசவில்லை. நீங்களும் அவரிடம் எதுவும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு குழாய் மிச்சம், என்னிடமே இருக்கட்டும்.

தமிழினிக்கு என் முத்தம்.

பிரியா


நாமகிரிப்பேட்டை,
19.9.2025

தனப்பிரியாவுக்கு,

நேற்றுப் பெங்களூரில் என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். சுகன்யா என்று ஜீன் ஆலோசகர், ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: “அக்கா, இது கொழந்தையோட அப்பா எச்சில் இல்ல. ஒரு பொம்பளையோடது. அப்பாகூடப் பொறந்தவங்களா இருக்கணும். யாரு குடுத்தாங்க?”

திருடியைப் போல உட்கார்ந்திருந்தேன். பொய்க் கையெழுத்து வைத்த படிவத்தை என் முன்னால் மேசையில் வைத்திருந்தாள். விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவர்கள் மோசக்காரர்கள் என்று அன்றே தள்ளிவிட்டிருக்கலாம். அந்தப் பெண் தமிழினியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பேசினாள். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் அப்பா ஆதார் அட்டையோடு நேரில் வந்து, எல்லாவற்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டு, அங்கேயே எச்சில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

உன்னை என்ன செய்தால் தகும்? முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். ஒரு மாதம் போய்விட்டது பிரியா. அவளுடைய ஒரு மாதம்.

இன்னொரு விஷயம். எச்சில் கொடுத்தவருக்கு என்று சுகன்யா ஒரு கவரை ஒட்டிக் கொடுத்தாள். ‘அவங்கதான் பிரிக்கணும், நீங்க பிரிக்கக் கூடாது’ என்றாள். பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துவிட்டேன். நீ கையெழுத்தைத் திருடினாய், நான் கவரைப் பிரித்தேன். மூன்று வரிதான் இருந்தது. அந்தப் பழுது உன்னிடமும் ஒன்று இருக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகாது. கட்டிக்கொள்கிறவரிடமும் ஒன்று இருந்தால்தான் தொந்தரவு, அப்போது நாலு பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கு. யோகேஷுக்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இருக்கப் பாதி, இல்லாமல் போகப் பாதி. குழாயில் துப்பி அனுப்பினால் இலவசமாகவே பார்த்துச் சொல்வதாகச் சுகன்யா சொன்னாள்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மைதிலி


எருமப்பட்டி,
27.9.2025

நங்கையா,

ஆசிரியர் அறைக் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். மணி அடித்தும் வகுப்புக்குப் போகவில்லை.

அண்ணனிடம் இரண்டாம் தடவையும் கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அண்ணனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ரத்தம், என் எச்சில் போனால் என்ன, அவர் எச்சில் போனால் என்ன என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் அதைத்தானே சொல்கிறார்கள்? சொத்துப் பேசும்போது ஒரே ரத்தம், பொண்ணு கேட்கும்போது ஒரே ரத்தம். துப்பினவள் பெண் என்று எச்சிலிலேயே தெரிந்துவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கணக்கு டீச்சர் நான், அறிவியலில் பத்தாம் வகுப்போடு சரி.

நாலில் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாடத்தை நாணயம் சுண்டிப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். சுண்டுவதற்கு அவர்களுக்குள் சண்டை வரும். அந்த வகுப்பை இனி எப்படி எடுப்பேன்?

அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தது நான்தான். கூறைச்சேலையின் ஒரு முனையை அண்ணன் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘உனக்குப் பொறக்கறதுக்கும் இவனுக்குப் பொறக்கறதுக்கும் முடிச்சுப் போடறோம்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டாவது படிக்கிற பெண், புதுச்சேலை கிடைத்த சந்தோசத்தில் தலையை ஆட்டினேன். மாமா கல்யாணத்தில் அம்மாவும் மாமாவும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்கள். தையில் உங்கள் தம்பிக்கு நீங்கள் அதே முனையைப் பிடிக்க வேண்டும்.

அண்ணனிடம் நீங்கள் சொன்னால் என் காகிதமும் வெளியே வரும். தீபாவளி வரை பொறுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரியா


நாமகிரிப்பேட்டை,
4.10.2025

பிரியா கண்ணு,

பொறுக்க எனக்கும் ஆசைதான். நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான். ஆனால் முப்பத்தொன்றாம் தேதி எனக்காகப் பொறுக்காது. பதினெட்டாம் தேதி பண்ணை கேட்டுக்கு வந்து நின்று உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால் உனக்கும் மரியாதை, எனக்கும் நிம்மதி.

என் மேல் கோபம் வரும், வரட்டும்.

மைதிலி


எருமப்பட்டி,
14.10.2025

நங்கையா,

சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குள் சொல்ல முடியாது, அம்மாவுக்குச் சமையலறையிலிருந்து வாசல் வரை காது உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் கோழி ஷெட்டுக்குப் போனேன். நாலாயிரம் கோழி கொக்கரிக்கிற இடத்தில் ரகசியம் பேசுவது என்றால் கத்தித்தான் பேச வேண்டும். என் வாழ்க்கையின் அசிங்கத்தையெல்லாம் தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணன் கையில் தடுப்பு மருந்துப் புட்டி. நான் முடிக்கும் வரை அதைக் கீழே வைக்கவில்லை.

காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். “உனக்கும் இருக்குதா?” என்றார். தலையாட்டினேன். புட்டியைக் கீழே வைத்துவிட்டு, “கோழிக்குஞ்சு எடுக்கறப்பக்கூட எந்த லைனு, எதுக்கு எதைச் சேர்த்தாங்கன்னு கேட்டுத்தான் எடுக்கறேன்” என்றார். நங்கையா, உங்கள் மேல் தப்பில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முகத்தில் பார்த்தேன். வாயால் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை.

வருகிறேன் என்கிறார். இருபத்தேழாம் தேதி வருவார், கையெழுத்துப் போடுவார், எச்சிலும் கொடுப்பார். ஆனால் ஒரு நிபந்தனை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“பிரியாகிட்ட இருக்கறது யோகேசுக்கும் மாமனுக்கும் தெரியக்கூடாது. கல்யாணம் நடக்கோணும். எம்புள்ளைக்கு நான் வாரேன், என்ற தங்கச்சிக்கு அவ வாய மூடட்டும். தமிழினி தலைமேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு.”

இதை உங்களுக்கு எழுத எனக்குக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதுகிறேன். ஒரு ஓரத்தில், நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஒன்றுதான் இந்த வீட்டிலிருந்து எனக்குத் தெரிந்த வாசல்.

பிரியா


நாமகிரிப்பேட்டை,
18.10.2025

பிரியா,

சத்தியம் செய்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவள் தலையில் கை வைத்துச் செய்தேன். உன் அண்ணனிடம் சொல்லிவிடு.

யோகேஷ் தீபாவளிக்கு வந்திருக்கிறான். தமிழினிக்குப் பட்டாசு வாங்கி வந்தான், சத்தம் போடாத பட்டாசாகப் பார்த்து. அவளுக்குக் கேட்காத சத்தம் நமக்கு எதற்கு அக்கா என்கிறான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மைதிலி


எருமப்பட்டி,
8.12.2025

நங்கையா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் சொன்னார். இடது காதில் மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். வேறு எதைக் கேட்டாலும், “பாக்கலாம்” என்கிறார். எதைப் பார்க்கலாம்? மூன்று வாரம் ஆகிறது, ஏதாவது கேட்கிறதா? நீங்கள் எழுதவே இல்லை.

இங்கே கூறைச்சேலை எடுத்தாகிவிட்டது. என்னைக் கேட்காமல் எடுத்தார்கள், நல்ல நிறம்தான். அம்மா சந்தோசமாக இருக்கிறாள். தமிழினியின் அந்த ‘பாஸ்’ அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து அண்ணன் எடுத்துவிட்டார். “எங்கடா?” என்று அம்மா கேட்டதற்கு, “அது ஒண்ணுக்கும் ஆவாதுங்கம்மா” என்றார். அவ்வளவுதான், அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. எதைக் கேட்கக் கூடாது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

உங்கள் தம்பி பத்து நிமிசம் பேச அம்மா போனைக் கொடுத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. மழையா, மழைதான். பத்து நிமிசமும் அந்தக் காகிதம்தான் என் நினைப்பில் இருந்தது.

பிரியா


நாமகிரிப்பேட்டை,
2.1.2026

பிரியா கண்ணு,

எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. எழுத உட்கார்ந்தால் சத்தியம் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.

முதலில் நல்ல செய்தி. போன செவ்வாய்க்கிழமை தமிழினி மண்டிச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் படவில்லை. டிரம் ஓடத் தொடங்கியது. சட்டென்று கழுத்தைத் திருப்பினாள், இடது பக்கமாக. இறங்கி ஓடிப்போய்ச் சுவரில் கை வைக்கவில்லை. இடது காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதாள். கையை எடுத்துப் பார்ப்பாள், சத்தம் இருக்கும், மறுபடியும் அழுவாள். பிள்ளை அப்படி அழுகிறாள், நான் பைத்தியம் மாதிரிச் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, பெரிய சத்தங்கள் கேட்கின்றன, சின்னவை இனிமேல்தான், பேச்சுக்கு இன்னும் வெகுதூரம் என்றார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் திரும்புவதில்லை. இருந்தாலும் பிரியா, திரும்பினாள்.

உன் அண்ணன் பெங்களூரில் இருபத்திரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிகிற வரை என் பக்கத்தில் உட்காரவில்லை, தூரமாகவும் உட்காரவில்லை. கிளம்பும்போது, “காய்ச்சலப் பத்தி அம்மா இனிப் பேசாது” என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவது நல்ல செய்தியில்லை. தமிழினி அழுதபோது யோகேஷ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: “ஏக்கா, எனக்கும் பிரியாவுக்கும் பொறக்கற புள்ளைக்கு இப்படி வருமா? நாமளும் அதே சொந்தந்தானே? டாக்டர் ஏதாச்சும் சொன்னாங்களா?”

அவனாகக் கேட்டான் பிரியா. என் தம்பி, என் கண்ணைப் பார்த்துக் கேட்டான். என் இடுப்பில் நான் சத்தியம் செய்த பிள்ளை. “ஒண்ணுஞ் சொல்லல சாமி, நீ போயி வாழையிலைக்குச் சொல்லிட்டு வா” என்றேன். சரி என்று போய்விட்டான். நம்பிக்கொண்டு போனான்.

தை பதினைந்து மேடையில் அந்தச் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நான் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை. நிற்காமலும் இருக்க முடியாது.

மைதிலி


எருமப்பட்டி,
9.1.2026

நங்கையா,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தமிழினி கழுத்தைத் திருப்பிய இடத்தை மட்டும் பத்துத் தடவை படித்திருப்பேன். அவள் அழுததை நினைத்தால் எனக்கும் சிரிப்பாகத்தான் வருகிறது. அத்தைக்காரியாக ஒரு நல்ல காரியமும் நான் செய்யவில்லை, ஒரு மாதத்தை வீணாக்கியதைத் தவிர.

அப்புறம் யோகேஷ் கேட்ட இடத்துக்கு வருவேன். அங்கே வந்ததும் மடித்து வைத்துவிடுவேன்.

இந்த இரண்டு வீட்டிலும் இத்தனை வருசத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. எங்கம்மா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை, அண்ணனை இழுத்துப் பிடித்துக் கேட்க வைக்க வேண்டியிருந்தது. உங்கள் தம்பி தானாகக் கேட்டிருக்கிறார். அவருக்கு வாழையிலையைப் பதிலாகக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நான் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா? ஒரு பிள்ளை பிறந்து, மூன்றாம் நாள் மெஷின் வைத்து, ‘பாஸ்’ என்று அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையை நான் எந்த முகத்தோடு வாங்குவேன்? அதற்கு இந்த வீட்டிலேயே இருந்து நிலக்கடலை உரிக்கலாம்.

அண்ணன் சத்தியம் வாங்கியது உங்களிடம். என்னிடம் வாங்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. நான் எங்கே போய் யாரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்திருப்பார், போன்கூட என்னிடம் இல்லையே.

அதனால் இன்றைக்கு இரண்டு கவர் எழுதியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. ஒன்று உங்கள் தம்பி பேருக்கு. அதில் என் காகிதம் இருக்கிறது, நான் அண்ணன் பேரில் துப்பிய கதை இருக்கிறது, மிச்சமிருந்த இரண்டாவது குழாயும் இருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் தெரிந்துகொண்டு கட்டிக்கொள்ளலாம், அல்லது தெரிந்துகொண்டு விட்டுவிடலாம், தெரியாமல் மட்டும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். முடிவு வரத் தை பதினைந்து தாண்டிவிடும், நாளைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். துப்ப மாட்டேன் என்றால் எனக்குச் சம்மதமில்லை என்றும் எழுதியிருக்கிறேன். கடைசி வரி கோணல்மாணலாகப் போயிருக்கும், படித்துக்கொள்வார்.

இன்று சாயங்காலம் அம்மாவிடமும் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நாளையிலிருந்து பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டார்கள். கடிதமும் அனுப்ப முடியாது. அதனால் இதுதான் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழி கிடைக்கும் வரை. எனக்கு ஒன்றும் ஆகாது. கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொள்ளவும் எனக்குத் தெரியும்.

அவர் உங்களிடம் கவரோடு வந்து நின்றால், எதுவும் தெரியாத மாதிரி இருங்கள். கத்தினாலும் பதில் பேசாதீர்கள், தமிழினி தலைமேல் செய்த சத்தியம். துப்புகிறேன் என்றால் அரை மணி நேரம் முன்னால் டீ கூடக் குடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இல்லை, அதையும் சொல்ல வேண்டாம். குழாய் மேலேயே அச்சடித்திருக்கிறது.

பிரியா